பிடித்தால் போதுமா, விட வேண்டாமா?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு வாயுவை மோப்பம் பிடிக்கும் கார்பன் நானோகுழாய் சென்சார் பற்றிப் பேசப்போகிறேன். புதிதாகப் பெயிண்ட் அடித்த அறைக்குள் நுழைகிறீர்கள். வாடை மூக்கைத் துளைக்கிறது. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வாடையே தெரிவதில்லை. பெயிண்ட் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் மூக்குதான் பழகிப் போய்விட்டது.

பெயிண்டோடு நின்றால் பரவாயில்லை. சாக்கடைக் குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறதே, அழுகிய முட்டை நாற்றம், அது காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனாலே சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். அந்த நேரத்தில்தான் ஆபத்தே. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு அந்த எச்சரிக்கை நாற்றமும் கிடையாது. அதனால்தான் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் கேனரிக் குருவியைக் கூண்டில் வைத்துக் கொண்டுபோனார்கள், மனிதருக்கு முன்னால் அது மயங்கிவிடும் என்பதால்.

குருவியின் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று டின் ஆக்சைடு சென்சார். நல்ல சாதனம்தான். ஆனால் அது வேலை செய்ய உள்ளே ஒரு ஹீட்டர் வேண்டும், சுமார் முந்நூறு டிகிரி சூடு வேண்டும். பேட்டரி தாங்காது. கார்பன் நானோகுழாய்க்கு அந்தச் சூடு தேவையில்லை, சாதாரண அறை வெப்பமே போதும்.

நானோகுழாய் என்பது ஒரே அடுக்கு கார்பன் அணுக்களைப் பாய் மாதிரி சுருட்டிய குழாய். குறுக்களவு ஒன்றிரண்டு நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இதில் உள்ளே, வெளியே என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு அணுவும் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாயு மூலக்கூறு எங்கே ஒட்டினாலும் குழாயில் ஓடும் மின்சாரத்துக்குத் தெரிந்துவிடும்.

நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயு குழாயிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும். பிடுங்கினால் ஓட்டம் குறையத்தானே வேண்டும்? இல்லை, கூடும்! நெரிசலான பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறங்கினால்தான் மற்றவர்கள் நகர முடியும். அம்மோனியா அதற்கு நேர்மாறு, இன்னொருவரை உள்ளே ஏற்றிவிடும், ஓட்டம் குறைந்துவிடும். 2000-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிங் காங், ஹாங்ஜி டாய் குழுவினர் ஒரே ஒரு குழாயை வைத்து இதைக் காட்டினார்கள். பத்து லட்சத்தில் 200 பங்கு நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டதும், சில விநாடிகளில் மின்கடத்தல் ஆயிரம் மடங்கு வரை எகிறியது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன், எங்கள் சோதனை மேசையில் ஒரு நானோகுழாய் சென்சார் தினமும் காலை பத்து மணிக்குத் துள்ளியது. ஒரு வாயுவையும் நாங்கள் திறக்கவில்லை. வயரை மாற்றினோம், மீட்டரை மாற்றினோம், பழியை ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டோம். நான்காம் நாள் பத்து மணிக்குச் சும்மா நின்று பார்த்தேன். துப்புரவு செய்யும் அம்மா வந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒரு பாட்டிலிலிருந்து பீய்ச்சித் துடைத்தார். அது அம்மோனியா கலந்த திரவம்! “என்னங்கய்யா, கண்ணாடி சரியா துடைக்கலையா?” என்றார். “நல்லாத்தான் துடைக்கிறீங்கம்மா, அதுதான் பிரச்சினை” என்றேன்.

எங்களுக்கு ஒரே சந்தோஷம், ஆறடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டதே என்று. ஆனால் கண்ணாடி காய்ந்தது, அந்த அம்மா போனார், மதியமும் ஆயிற்று. சென்சார் மட்டும் “அம்மோனியா, அம்மோனியா” என்று அலறிக்கொண்டே இருந்தது. ஒட்டிய மூலக்கூறு கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இருபது வருஷமாக நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: பிடிப்பது சுலபம், விடுவதுதான் பாடு. நம் மூக்கு சீக்கிரம் மறக்கிறது, இது மறக்கவே மாட்டேன் என்கிறது. முதலில் சொன்ன அந்த ஸ்டான்ஃபோர்டு குழாய்க்கே பழைய நிலைக்குத் திரும்ப 12 மணி நேரம் ஆயிற்று. 200 டிகிரிக்குச் சூடாக்கினால் சீக்கிரம் விடும். ஆனால் ஹீட்டர் வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தோம்? புற ஊதா ஒளி காட்டினாலும் விடும், அதற்கும் பேட்டரி செலவுதான். அலறலை நிறுத்தத் தெரியாத அலாரத்தை யாராக இருந்தாலும் இரண்டாம் நாளே அணைத்து வைத்துவிடுவார்கள்.

கிராஃபீன், அதாவது சுருட்டாமல் விட்ட அதே ஒற்றை அடுக்கு கார்பன் தகடு, அதைப் பற்றியும் பேச வந்தேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டே நிமிஷம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, ஒரே வாக்கியம்: 2007-இல் பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் அந்தத் தகட்டில் ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையே அளந்துவிட்டார்கள். அடுத்து, இன்ன வாயு என்று இனம் பிரிக்கும் வேலை. வெறும் குழாய் கார்பன் மோனாக்சைடைக் கண்டுகொள்வதே இல்லை. குழாய் மேல் வெவ்வேறு பூச்சு பூசி, பலவற்றை வரிசையாக வைத்து, எது எவ்வளவு அசைகிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும், நம் மூக்கு செய்கிற மாதிரியே. இதில் காற்றின் ஈரப்பதம் வேறு குறுக்கே வந்து நிற்கும், கிட்டே போய் மூச்சு விட்டாலே முள் நகர்ந்துவிடும். அது தனிக் கதை, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.