எட்டாவது கல்

தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். பேய்க்கதையும் கொலை வழக்கும் கலந்து பேசுங்கள் என்று வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கு இரண்டும் வேறு வேறு அல்ல. ஈரோட்டில் முப்பது வருடம் குற்ற வழக்கு நடத்தியவன் நான். அதற்கு முன்னால், காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவன்.

எங்கள் கிணற்று மேட்டில் கன்னிமார் கல் உண்டு. கன்னிமார் ஏழு பேர். இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மேட்டில் எட்டுக் கல் இருந்தது. எட்டாவது கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சின்னதாக. ஆடி மாதம் ஆத்தா ஏழுக்கும் மஞ்சள் பூசுவாள். எட்டாவதுக்கு மஞ்சளோடு ஒரு கண்ணாடி வளையலும் வைப்பாள். "இது ஆருங்காத்தா?" என்று கேட்டால், "கன்னிமாரு கெணத்துக்குள்ள இழுத்துக்கிட்ட புள்ளை, சாமி" என்பாள். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள்.

கறுப்பு அங்கி போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது: கிணற்றில் மிதந்தவர் எல்லாம் கிணற்றில் செத்தவர் அல்ல. டயாட்டம் என்று ஒரு நுண்பாசி தண்ணீரில் இருக்கிறது. உயிரோடு மூழ்குகிறவர் மூச்சு இழுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய் ரத்தத்தில் கலக்கும். துடித்துக்கொண்டிருக்கும் இதயம் அதை எலும்பு மஜ்ஜை வரைக்கும் கொண்டு சேர்க்கும். அடித்துக் கொன்று தூக்கிப் போட்ட உடலில் இதயம் ஓடாது, பாசியும் மஜ்ஜைக்கு ஏறாது. மருத்துவர் இதையும் காயங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் கருத்துச் சொல்வார். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகமாக இறந்தாலோ உடலைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் ஏறியது 1983-இல். வரதட்சணைச் சாவு தனிக் குற்றமானது 1986-இல். அதற்கு முன்னாலும் விசாரணை என்று ஒன்று ஏட்டில் இருந்தது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சொன்னதை எழுதிக்கொண்டு போனதோடு எத்தனையோ சாவுகள் முடிந்து போயின. கன்னிமாரும் மோகினியும் முனியும்தான் குற்றவாளிகள். அவர்களை யார் கூண்டில் ஏற்றுவது?

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை நாட்டுக் கதை, சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிப்பு இருக்கிற அளவுக்குப் பழையது. பேயாக வந்தவள் வணிகன் ஒருவனைத் தன் புருஷன் என்று சொல்லிச் சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவனுக்கு உயிர்ப்பிணை நின்று, அவளோடு தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்த எழுபது பேரைக் கும்பிடுகிறோம், சரி. ஆனால் முற்பிறவியில் அந்த வணிகன்தான் அவள் புருஷனாக இருந்து அவளைக் கொன்றவன் என்று கதையே சொல்கிறது. அந்த முதல் கொலைக்குச் சபை கூடவில்லை. நமக்குக் கிடைத்த சொல் எது? 'நீலிக் கண்ணீர்'. பொய்யாக அழுகிற பெண்ணுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு வைக்கவில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதைக்கு, பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பி கதைக்கு, வருகிறேன். 1965-இல் கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் உட்கார்ந்து உடுக்கைப் பாட்டாக இதை நாடாவில் பதிவு செய்தார். அதில் கொம்பன் என்று ஒரு பன்றி வருகிறது. சாதாரணப் பன்றி அல்ல, காட்டில் வேட்டையாடிப் பிழைத்த வேட்டுவர் வளர்த்த பூதம் மாதிரியான பன்றி. பொன்னர் சங்கரின் வெள்ளாமையை உழுது நாசம் செய்கிறது. சின்ன வயதில் கொம்பன் வருகிற இடத்தில் ஆத்தா மடியில் முகம் புதைத்திருக்கிறேன். இப்போது எனக்கு அந்தப் பன்றி ஒரு நில வழக்காகத் தெரிகிறது. காடு திருத்தி வயல் ஆக்கினவர்கள் ஒரு பக்கம், அந்தக் காட்டையே நம்பிப் பிழைத்தவர்கள் ஒரு பக்கம். பாட்டுக்காரர் யார் வீட்டு வாசலில் பாடினாரோ, அவருடைய எதிராளியின் பன்றிதான் பூதமாகும். தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடிப் போர் நடந்த படுகளத்தில் பிணம் பிணமாகப் புரட்டுகிற இடத்தில் மட்டும் உடுக்கை இறங்கிவிடும். அங்கே எந்தப் பக்கமும் கிடையாது. வீரப்பூர் மாசித் திருவிழாவில் செத்தவர்களைப் போலப் படுகளம் விழுகிறவர்களை இன்றைக்கும் எழுப்புகிறார்கள்.

கிட்டத்து விஷயம் ஒன்று. 2015 ஜூன் மாதம், திருச்செங்கோடு மலைக்கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் கிடந்தார். தற்கொலை என்றுதான் முதலில் பேச்சு. கோயில் கேமராவில் பதிந்திருந்ததை யாராலும் அழிக்க முடியவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மதுரைவீரனையும் காத்தவராயனையும் நினைத்துக்கொள்ளுங்கள்; சாதி தாண்டி மனசு வைத்ததற்காக உயிரை விட்டவர்கள், பிறகு சாமியானவர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்தத் தண்டவாளத்து ஓரமும் 'காத்துக் கருப்பு' உலாவுகிற இடம் ஆகியிருக்கும். பிறகு ஒரு கல், ஒரு வேல், வருடத்துக்கு ஒரு கிடாய்.

ஆத்தா சாவதற்கு முந்தின வருடம் கேட்டேவிட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். "தண்ணி குடிச்ச வவுறு இல்லீங் சாமி அது. பின்மண்டைல காயம் இருந்துச்சு. நாந்தான் குளிப்பாட்டுனேன்" என்றாள். யார் என்று கேட்டேன். பேரைச் சொன்னாள். எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த மனிதர். அவர் போய்ச் சேர்ந்தே அப்போது பத்து வருடம்.

கிணற்றை மூடி ஆழ்துளைக் கிணறு போட்டாயிற்று. ஏழு கல்லையும் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம், எட்டாவதையும் கூடவே. ஆத்தா இல்லாததால் போன ஆடியில் நானே வளையல் கடைக்குப் போனேன். "கை அளவு சொல்லுங்க" என்றார்கள். எனக்கு என்ன தெரியும்? "கல்யாணமாகி எட்டு மாசமான புள்ளைங்க" என்றேன்.