கடலே இல்லாத வேலூருக்குப் புயல் கணக்கு எதுக்கு?

(காட்சி: கோட்டை அகழி. கேமரா மெதுவா கோவில் கோபுரத்துக்கு ஏறுது.)

நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் இருக்கு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணி இல்லாத ஆறு. சாமி 1981லயே திரும்பி வந்துட்டாரு. ராஜா இனிமே வரப்போறதில்ல. தண்ணி? 2021 நவம்பர்ல வந்துச்சு. பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுச்சு. அகழி நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குள்ளயே தண்ணி புகுந்து நின்னுச்சு. பேரணாம்பட்டுல வீட்டுச் சுவர் இடிஞ்சு ஒன்பது பேர் செத்துப்போனாங்க.

இத்தனைக்கும் அது புயலே இல்ல. நவம்பர் 19 விடியக்காலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அவ்வளவுதான். காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டாத்தான் புயல்னு சொல்வாங்க, பேரும் அப்பதான் வைப்பாங்க. ஆக, பேரு வைக்கிறது காத்தை அளந்து. ஆளை அடிக்கிறது பெரும்பாலும் தண்ணி.

அந்தத் தண்ணி ரெண்டு வழியா வரும். முதல்ல கடல் வழி.

(காட்சி: சமையல் மேடை. தாம்பாளம், அண்டா, டேபிள் ஃபேன்.)

தாம்பாளத்துல விரல் கணு அளவு தண்ணி ஊத்தி, பக்கத்துல ஃபேனைப் போடுங்க. தண்ணி எதிர் ஓரத்துல போய் ஏறுது பாருங்க. அதே ஃபேனை நிறைஞ்ச அண்டா முன்னாடி வச்சா, மேல அலையடிக்குமே தவிர ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. மேல தள்ளின தண்ணி அடியில திரும்பி ஓடிடுது. ஆழம் கம்மின்னா அதுக்கு வழி இல்ல. புயல் அலை ஏற்றம்னு சொல்றது இதைத்தான். சென்னைக்கு முன்னாடி கடல் சீக்கிரமே ஆழமாயிடும். பாக் நீரிணைப் பக்கம் தாம்பாளம். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்சது இந்த மாதிரித் தண்ணிதான். 1977ல ஆந்திராவுல திவிசீமையிலயும் அப்படித்தான், ஆயிரக்கணக்குல ஆளுங்க போயிட்டாங்க.

சரி, அடுத்தது எப்ப? காட்பாடி டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு: "நூறு வருஷத்துக்கு ஒரு வெள்ளம் சார். 2021ல வந்துடுச்சு, இனி நம்ம காலத்துல வராது."

அண்ணே, தப்பு. 'நூறு வருஷ வெள்ளம்'னா ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு வாய்ப்புன்னு அர்த்தம். போன வருஷம் வந்துச்சான்னு அது பார்க்காது. முப்பது வருஷக் கடன்ல வீடு கட்டினீங்கன்னா, கடன் அடையறதுக்குள்ள ஒரு தடவையாவது அது வர்ற வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலுல ஒண்ணு!

இந்த நூத்துல ஒண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அங்கதான் சிக்கல். செயற்கைக்கோள் வந்தப்புறம்தான் ஒழுங்கான பதிவே இருக்கு. ஒரே ஊரை நேரா அடிச்ச புயல்னு எண்ணினா விரல்விட்டு எண்ணிடலாம். அதனால ஆராய்ச்சியாளருங்க கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓட விடறாங்க. பாதையைக் கொஞ்சம் நகர்த்தி, வேகத்தைக் குறைச்சு, அகலத்தைக் கூட்டி, ஒவ்வொண்ணுக்கும் தண்ணி எங்க வரைக்கும் ஏறுதுன்னு பார்க்கறாங்க. என்னைக் கேட்டா பெரிய ஓட்டை புயல்ல இல்ல, தரையில. விண்வெளியிலிருந்து எடுத்த உயர வரைபடம் பலது தென்னை மரத்தோட தலையையும் மொட்டை மாடியையும் தரைன்னு எடுத்துக்கும். ரெண்டு மீட்டர் தப்புன்னாகூட முங்கற கிராமம் மேட்டுல இருக்கற மாதிரி தெரியும்.

(காட்சி: மேகம், மழை, வெப்பமானி.)

இதுல பருவநிலை மாற்றம் வேற. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். புயல் எண்ணிக்கை கூடணும்னு இல்ல. வர்றதுல பலமானது கூடும், கொட்டற மழையும் கூடும். உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் நடுவுல சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு. அதே புயல் இப்ப ஒரு படி மேலேயிருந்து ஆரம்பிக்குது.

ரெண்டாவது வழி வானம். அதுக்குக் கடற்கரையே தேவையில்ல. 2024ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி நகராம நின்னுச்சு. அப்புறம் உள்ளே வந்து, நம்ம பக்கத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டிச்சு. திருவண்ணாமலையில மலை சரிஞ்சுச்சு.

(காட்சி: வாலாஜா அணைக்கட்டிலிருந்து கிழக்கே நகரும் வரைபடம்.)

இந்த ரெண்டு வழியும் சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. நம்மூர்ல ஓடற பாலாறு, வாலாஜா அணைக்கட்டு தாண்டி, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியா வயலூர்ல கடல்ல விழுது. ஆத்து வெள்ளம் நூத்துல ஒண்ணு, கடல் ஏற்றம் நூத்துல ஒண்ணு, ரெண்டும் ஒண்ணா வர்றது பத்தாயிரத்துல ஒண்ணுன்னு பெருக்கத் தோணும். அந்தப் பெருக்கல் இங்க செல்லாது. ஒரே புயல்தான் கடலையும் தள்ளுது, மேல மழையையும் கொட்டுது. கடல் ஏறி நிக்கற அந்த சில மணி நேரத்துல குடியாத்தத்து மழையும் ஆம்பூர் மழையும் வயலூருக்குப் போய்ச் சேர்ந்தா, ஆத்துக்கு வாசல் மூடியிருக்கும். தண்ணி வந்த வழியே பின்னாடி ஏறும்.