கிளவுடில் எது அவர்கள் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு?

வணக்கம். 2019 ஜூலையில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயிருந்தன. அத்தனையும் இருந்தது அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில். ஆனால் அமேசானின் டேட்டா சென்டருக்குள் யாரும் நுழையவில்லை. அப்புறம் எப்படிப் போனது?

முதலில் கிளவுடில் எதை வாடகைக்கு எடுக்கிறோம் என்று பார்த்துவிடுவோம்.

(திரையில்: ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள்)

2006-இல் வந்த அமேசானின் இசி2 சேவையில் உங்களுக்கு ஒரு மெய்நிகர் சர்வர், அதாவது அவர்களின் பெரிய கணினியில் மென்பொருளால் பிரித்த ஒரு பங்கு, கிடைக்கும். கட்டடம், மின்சாரம், ஹார்டுவேர் அவர்கள் பாடு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்டேட், எந்தக் கோரிக்கையை உள்ளே விடலாம் என்று வடிகட்டும் ஃபயர்வாலின் விதிகள் உங்கள் பாடு. இது ஐயாஸ் (IaaS), அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் வாடகைக்கு எடுப்பது. கூகுள் ஆப் எஞ்சினில் நிரலை மட்டும் ஏற்றினால் போதும், அது பாஸ் (PaaS). ஜிமெயில் போல எல்லாம் தயாராக வந்தால் சாஸ் (SaaS). வேலை குறைந்துகொண்டே போகிறது, இல்லையா? ஆனால் யாருக்கு என்ன அனுமதி என்ற முடிவு மட்டும் மூன்றிலும் உங்களிடமே இருக்கிறது.

கேப்பிட்டல் ஒன்னில் சறுக்கியது அங்கேதான்.

(திரையில்: 169.254.169.254)

இந்த முகவரியைக் கவனியுங்கள். இசி2 சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களை இங்கேதான் கேட்டு வாங்கும். மற்ற ஏடபிள்யூஎஸ் சேவைகளைத் திறக்கும் தற்காலிகச் சாவிகளும் இங்கேதான் கிடைக்கும். வெளியாட்கள் இதை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் வங்கியின் ஃபயர்வால் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால், வெளியிலிருந்து வந்த கோரிக்கையை அதுவே உள்ளே கேட்டு, சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்தச் சாவிக்கு, கோப்புகளை வைக்கும் ஏடபிள்யூஎஸ் சேவையான எஸ்3-இல் உள்ள சேமிப்பகங்களைப் பட்டியலிட்டுப் படிக்கும் அனுமதி இருந்தது. ஒரு ஃபயர்வாலுக்கு அது எதற்கு? தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தும் பலனில்லை. உள்ளே புகுந்த வழியே அதைத் திறக்கவும் உதவிவிட்டது.

2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. கட்டியது வங்கி, அமேசான் அல்ல. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், அந்த முகவரியிடம் கேட்க முதலில் ஒரு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) பெற வேண்டும் என்ற புதிய முறையை ஏடபிள்யூஎஸ் கொண்டுவந்திருந்தது.

சரி, செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டம் கூடும்போது சர்வர்களைத் தானாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் நிறுத்தி வைத்த சர்வரின் டிஸ்குக்கும் பில் வரும். சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோன சர்வர் பணத்தையும் தின்னும், அப்டேட் இல்லாமல் திருடனுக்கு வழியும் விடும்.

(திரையில்: ஏடபிள்யூஎஸ் கன்சோல்)

புதுக் கணக்கு தொடங்கியவர்கள் இன்றே, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு எம்எஃப்ஏ, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும், போடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். பிறகு அனுமதிகளை நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் ஒவ்வொரு ரோலையும், அதாவது சர்வருக்கோ சேவைக்கோ தரும் அனுமதித் தொகுப்பையும், திறந்து பாருங்கள். நீங்கள் எழுதிய எஸ்3 அனுமதியின் ரிசோர்ஸ் (Resource) பகுதியில், 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி மட்டும் தெரிந்தால், அந்த இடத்தில் தேவையான சேமிப்பகத்தின் ஏஆர்என்-ஐ (ஏடபிள்யூஎஸ் தரும் முழு அடையாளப் பெயர்) எழுதுங்கள்.