எல்லாப் பிள்ளைங்களும் 'பயனுள்ளதாக இருந்தது'ன்னே எழுதுறாங்களே, என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழ பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தாங்க. அவங்க ஸ்கூல்ல என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பார்த்துக்கிறவங்க. "சார், ஏழு நாள் கேம்ப் முடிச்சு வந்து அனுபவக் கட்டுரை எழுதச் சொன்னா, 'இம்முகாம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது, சேவை மனப்பான்மை வளர்ந்தது'ன்னு எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க. ஊருக்குப் போனாங்களா, கைடைப் பார்த்து எழுதினாங்களான்னே தெரியலை. யோசிக்க வைக்கிறது எப்படி?"

டீச்சர், இந்தக் கேள்வியைப் படிச்சதிலிருந்து எனக்கு வேற வேலை ஓடலை.

பிள்ளைங்களைத் திட்டாதீங்க. "என்ன கத்துக்கிட்டே"ன்னு கேட்டா இந்தப் பதில்தான் வரும். வாத்தியாருக்கு எது பிடிக்கும்னு ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து பார்த்துப் பழகினவங்க அவங்க. நம்ம கேள்விக்குள்ளயே பதிலும் இருக்கு, எடுத்துக் கொடுத்துடுறாங்க.

வழக்கமா பார்க்கிறவங்களுக்கு நான் எங்க வரப்போறேன்னு தெரிஞ்சிருக்கும். கண்ணு முதல்ல, கருத்து அப்புறம். சிரிக்காதீங்க, இன்னும் பத்து தடவை சொல்லுவேன். நீ போன வீட்ல தண்ணிக்குடம் எங்க இருந்துச்சு? யார் பேசினாங்க, யார் பேசாம உள்ள நின்னாங்க? நீ சொன்னதைக் கேட்டுட்டு அந்தம்மா என்ன பதில் சொன்னாங்க? இதுக்குக் கைடு கிடையாது. பார்த்திருந்தாத்தான் சொல்ல முடியும்.

1970ல அமெரிக்காவில டெர்ரி போர்ட்டன்னு ஒரு கல்வியாளர் மூணே கேள்வியில இதைச் சுருக்கி வெச்சார். என்ன நடந்துச்சு, அதனால என்ன, இனிமே என்ன. நாம முதல் கேள்விக்கு நேரமே கொடுக்கிறதில்லை, நேரா ரெண்டாவதுக்குத் தாவிடுறோம்.

பென்னாகரம் பக்கம் ஒரு கேம்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க. நம்ம தர்மபுரி மாவட்டத்து ஃப்ளோரைடு சங்கதி உங்களுக்குத் தெரியும், நிலத்தடித் தண்ணியில கரைஞ்சிருக்கிற அது அளவுக்கு மேல போனா பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஒரு லிட்டர் தண்ணியில 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. பல ஊர் போர் தண்ணியில அதைத் தாண்டிடும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்துச்சு. பிள்ளைங்க பகல்ல வீடு வீடாப் போய் விழிப்புணர்வு பண்ணிட்டு வந்திருந்தாங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஸ்கூல் வராண்டாவுல உட்காரவெச்சுக் கேட்டேன். "போன வீட்ல நீ என்ன சொன்னே? அப்படியே திருப்பிச் சொல்லு."

ஒரு பையன் எழுந்து, "போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு சொன்னோம் சார்"ங்கிறான். பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பொண்ணு, சயின்ஸ் குரூப், மெதுவா கேட்குது: "காய்ச்சினா ஃப்ளோரைடு போகுமா?" போகாது. தண்ணி ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே தங்கும். காய்ச்சக் காய்ச்ச இன்னும் அடர்த்தியாத்தான் ஆகும்! கிருமிக்குச் சொல்ற வைத்தியத்தை இதுக்கும் சொல்லிட்டு வந்துட்டாங்க. யாரும் வாய் திறக்கலை.

அப்புறம் இன்னொரு பொண்ணு நோட்டைப் புரட்டிச்சு. அதுல "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை"ன்னு எழுதி வெச்சிருக்கு. சரி கண்ணு, நீ போன வீட்ல இருந்த பாட்டி என்ன சொல்லிச்சுன்னு கேட்டேன். "குழாயில நல்ல தண்ணி பகல்ல வருது, அந்நேரம் நாங்க கூலிக்குப் போயிடுறோம், திரும்பி வந்தா போர் தண்ணிதான் இருக்குன்னு சொன்னாங்க சார்." சொல்லும்போதே அந்தப் பொண்ணு தான் எழுதின வரியை அடிச்சிடுச்சு. நான் அடிக்கச் சொல்லலை. கண்ணு முதல்ல, கருத்து அப்புறம்னு நான் ஏன் தொண்டை கிழியக் கத்துறேன்னு இப்பப் புரியுதா?

மறுநாள் காலையில அதே வீடுகளுக்குத் திரும்பப் போனாங்க. "நேத்து தப்பாச் சொல்லிட்டோம்மா, காய்ச்சினா இது போகாது." குழாய்த் தண்ணியைப் பிடிச்சு வைக்கப் பக்கத்து வீட்ல ஆள் இருக்குமான்னு அவங்களே விசாரிச்சாங்க. 'இனிமே என்ன'ங்கிற மூணாவது கேள்விக்குப் பதில் அங்கதான் கிடைச்சது. அதனால டீச்சர், ஏழாம் நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. தினம் ராத்திரி அரை மணி நேரம் உட்காருங்க. கடைசி நாள் யோசிச்சா திருத்த ஊர் இருக்காது, பஸ் ஏறியிருப்பீங்க.

இப்ப நீங்க கேட்காத ஒண்ணு, ஆனா கேட்டிருக்கணும்னு நான் நினைக்கிறது. அந்தக் கட்டுரைங்கள்ல எல்லாம் "அவர்கள்", "கிராம மக்கள்"னுதான் இருக்கு. இந்தப் பிள்ளைங்க யாரு? பக்கத்து ஊர்தானே! அன்னிக்கு ராத்திரியே, "உங்க வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க"ன்னு கேட்டேன். பாதிக்குமேல போர். ஃப்ளோரைடால பல்லுல பழுப்புக் கறை விழுந்த பிள்ளைங்க அந்த வரிசையிலயே உட்கார்ந்திருக்கு. கையால வாயை மூடிக்கிட்டு சிரிக்கிற பொண்ணுங்களும் இருக்கு. 1969ல, காந்தி நூற்றாண்டு சமயத்துல என்.எஸ்.எஸ். தொடங்கினப்போ காலேஜ் பிள்ளைங்களைக் கிராமத்துக்கு அனுப்பணும்னு நினைச்சாங்க. நம்ம அரசுப் பள்ளியில படிக்கிறவங்க கிராமத்துலேர்ந்துதானே வர்றாங்க? அப்ப யாருக்கு யார் சேவை பண்றாங்கன்னு அவங்களையே கேளுங்க. கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். எல்லார் முன்னாடியும் வேண்டாம், தனியா எழுதித் தரட்டும், அதை யாருக்கும் படிச்சுக் காட்டாதீங்க.

ஊர்க்காரங்களையும் கேளுங்க. கடைசி நாள் அவங்களை நாற்காலியில உட்காரவெச்சு, பிள்ளைங்க தரையில உட்காரட்டும். ஒரு பெரியவர் எங்கிட்ட சொன்னாரு, "கோயில் வாசலைச் சுத்தம் பண்ணீங்க, சந்தோசம். ஆனா கடலைக்காய் பிடுங்குற நேரத்துல வந்து கூட்டம் போட்டு எங்க வேலையைக் கெடுத்துட்டீங்க சாமி." கட்டுரையில வராத ஒரே உருப்படியான விமர்சனம் அது.

மார்க் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. மனசு உருகினதுக்கு மார்க் போடாதீங்க, நாளைக்கே எல்லாரும் உருகிடுவாங்க. என்ன பார்த்தான், அதை வெச்சு என்ன மாத்தினான்னு பார்த்துப் போடுங்க. எழுத வராத பிள்ளை பேசட்டும், போன்ல பதிவு பண்ணிக்கோங்க.

சரி, ஊத்தங்கரையிலிருந்து ஒருத்தர் நூலகப் பீரியடைப் பத்திக் கேட்டிருக்கார், அதுக்கு வர்றேன்.