ஏழு மைக்ரானுக்காக நாற்பது ஆண்டுகள் காத்திருந்த தாது

வணக்கம் நண்பர்களே. இன்று தாது அரைப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். குறிப்பாக, அரைப்பதை எந்த அளவில் நிறுத்த வேண்டும், அந்த அளவை எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றி.

துத்தநாகம் தரும் ஸ்பாலரைட், ஈயம் தரும் கலீனா, நமக்கு வேண்டாத சிலிக்கா என எல்லாமே பாறைக்குள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. எள்ளுருண்டையிலிருந்து எள்ளைத் தனியே எடுக்க வேண்டுமென்றால், எள்ளின் அளவுக்காவது அதை உடைத்தாக வேண்டும். பாறையும் அப்படித்தான். எவ்வளவு அரைப்பது என்பதை உள்ளே இருக்கும் கனிம மணியின் அளவே முடிவு செய்கிறது.

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் இருக்கும் மெக்ஆர்தர் ரிவர் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படிவு 1955இல் கண்டுபிடிக்கப்பட்டது. மிகப் பெரிய துத்தநாக, ஈயப் படிவு. ஆனால் உற்பத்தி தொடங்கியதோ 1995இல்தான். கனிம மணிகள் அவ்வளவு நுண்ணியவை. அரைத்த பொருளில் 80 விழுக்காடு 7 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால்தான் சிலிக்கா பிரியும் என்ற நிலை. எஃகுக் குண்டுகள் உருண்டு அரைக்கும் வழக்கமான ஆலையில் (ball mill) அந்த அளவுக்கு இறங்கினால் மின்கட்டணம் கட்டி மாளாது. போதாக்குறைக்கு, எஃகுக் குண்டுகளின் தேய்மானத்தால் வரும் இரும்பு கனிமத்தின் மேற்பரப்பைக் கெடுத்து, கனிமத்தைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மிதக்கவிட்டுப் பிரிக்கும் நுரை மிதப்பையும் பாதிக்கும்.

வழி பிறந்தது வேறொரு தொழிலிலிருந்து. மை, சாயம் போன்றவற்றை நுண்ணியதாக அரைக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த ஜெர்மனியின் நெட்ஸ் நிறுவனமும் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான மவுண்ட் ஐசா மைன்ஸும் சேர்ந்து ஐசாமில் என்ற நுண் அரவை இயந்திரத்தை உருவாக்கின. 1994இல் மவுண்ட் ஐசாவில் முழு அளவிலான இயந்திரம் ஓடியது. அடுத்த ஆண்டே மெக்ஆர்தர் ரிவர். படுக்கைவாக்கில் ஓர் உருளை; உள்ளே தண்டில் கோத்த வட்டத்தட்டுகள் அதிவேகமாகச் சுழல்கின்றன. பெரிய குண்டுகளுக்குப் பதிலாகச் சில மில்லிமீட்டர் அளவுள்ள மணிகள். எண்ணிக்கை பெருகுவதால், நுண்துகளோடு மோதும் வாய்ப்பும் பெருகுகிறது. மெக்ஆர்தர் ரிவரில் முதலில் சலித்தெடுத்த தாதுவையே அரைக்கும் மணியாகப் பயன்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது: தாதுவே தாதுவை அரைக்கிறது, இரும்பும் கலப்பதில்லை.

அப்படியானால் எல்லாத் தாதுவையும் இப்படி மாவாக்கிவிடலாமா? கூடவே கூடாது. அரைக்க ஆகும் மின்சாரத்தைக் கணக்கிட பாண்ட் என்ற பொறியாளர் 1952இல் தந்த சூத்திரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாறையின் கடினக் குறியீடு 12 என்று வைத்துக்கொள்வோம். 150 மைக்ரானிலிருந்து 75க்கு இறங்க டன்னுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம். 75இலிருந்து 37.5க்கு இறங்க இன்னும் 5.7 யூனிட். பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் செலவு கூடுகிறது. மிக நுண்ணிய துகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. காற்றுக் குமிழியை நோக்கி வரும்போது அது நீரோட்டத்தோடு வளைந்து நழுவிவிடும், குமிழியில் ஒட்டாது. பெருந்துகள் ஒட்டினாலும் கனம் தாங்காமல் கழன்று விழும். இரண்டுக்கும் நடுவில்தான் நமக்குப் பிழைப்பு.

இப்போது அளப்பது. இதோ, இந்தச் சல்லடையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். துளை 38 மைக்ரான், 400 மெஷ் என்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் வலை என்றே தெரிகிறது. உலர்ந்த பொடியை இதில் கொட்டிக் குலுக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிடும். அதனால் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கீழே வடியும் நீர் கலங்கலாக இருக்கும்வரை விடாதீர்கள். தெளிந்த பிறகுதான் மேலே நிற்பதை உலர்த்தி எடை போட வேண்டும்.

ஆலைச் சல்லடைகளின் வேலை பெரும்பாலும் இந்த அளவோடு முடிந்துவிடுகிறது. 7 மைக்ரானை அளக்க லேசர் கருவி வேண்டும். பெரிய துகள் ஒளியைச் சிறு கோணத்திலும், சிறிய துகள் பெருங்கோணத்திலும் சிதறடிக்கும். அந்தச் சிதறலிலிருந்து கருவி அளவைக் கணக்கிடுகிறது. ஆனால் எல்லாத் துகளையும் உருண்டையாகவே அது எண்ணிக்கொள்கிறது. மைக்கா போன்ற தகடுகள் வந்தால் எண் தடம் புரளும். மாதிரியை மீயொலியில் வைத்துக் கட்டிகளை உடைக்காவிட்டால், நன்றாக அரைந்த தாதுகூட அரையாதது போலத் தோன்றும். ஆகவே யாராவது ஒரு மைக்ரான் எண்ணைச் சொன்னால், எந்தக் கருவியில், எப்படிக் கரைத்து அளந்தது என்று கேட்காமல் அதை நம்பாதீர்கள்.

கட்டுப்படுத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான அரவைச் சுற்றில் சைக்ளோன்தான் காவலாளி: அரைத்த தாதுவும் நீரும் கலந்த குழம்பைச் சுழற்றி, நுண்துகளை மேலேயும் பெருந்துகளை அடியிலும் அனுப்பும் கூம்பு. அழுத்தம், குழம்பின் அடர்த்தி, அடித்துவாரத்தின் அகலம் ஆகியவை சேர்ந்தே அது எந்த அளவில் பிரிக்கும் என்ற வெட்டு அளவைத் தீர்மானிக்கின்றன. அடியில் வெளியேறும் குழம்பு குடைபோல விரிந்து விழ வேண்டும். அது கயிறு போலத் திரண்டு இறங்கினால், பெருந்துகள் மேல்வழியே தப்பி மிதப்புத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கணினித் திரை எண் காட்டுவதற்கு முன்பே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழிவுக் குழம்பில் எவ்வளவு உலோகம் போகிறது என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். கழிவை அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் உலோகத்தைச் சோதியுங்கள். இழப்பு பெருந்துகளில் இருந்து, அவை பிரியாத கலப்புத் துகள்கள் என்று நுண்ணோக்கியும் காட்டினால், இன்னும் அரைக்க வேண்டும். இழப்பு ஏற்கெனவே பிரிந்துவிட்ட, 10 மைக்ரானுக்குக் கீழான துகளில் இருந்தால் மேலும் அரைப்பது இழப்பைக் கூட்டவே செய்யும். அங்கே குமிழியையும், மிதப்புத் தொட்டியில் சேர்க்கும் வேதிப்பொருளையும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.