முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் ஆசிரியரே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மனச்சோர்வில் தவிக்கும் பதின்பருவ மாணவரை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் பெற்றோரா, ஆசிரியரா என்ற கேள்விக்கு, ஆசிரியரே என்று வாதிட வந்திருக்கிறேன்.

ஆசிரியர் மனநல மருத்துவர் அல்லர், பாடத்தை முடிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை என்றார் எதிரணி நண்பர். நேரம் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும்படி ஆசிரியரை யாரும் கேட்கவில்லை. பிள்ளையிடம் தெரியும் மாற்றத்தைக் கவனிக்கத்தான் கேட்கிறோம். வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளையே பார்க்கும் பெற்றோர், வாட்டத்தையும் கோபத்தையும் 'வயசுக் கோளாறு' என்று எண்ணிவிடுவது இயல்பு. ஒரே வயதுடைய நாற்பது பேரை நாள்தோறும் ஒருசேரப் பார்க்கும் ஆசிரியருக்குத்தான், எது வயதுக்குரிய சலனம், எது அதைத் தாண்டியது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. உலகில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் இது எங்கோ ஒரு பள்ளியின் செய்தி அன்று.

நாம் பெரிதும் தவறவிடுவது ஒன்று உண்டு. பெரியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் துயரமாகத் தெரியும். பதின்பருவத்தில் அதுவே எரிச்சலாகவும் எதிர்த்துப் பேசுவதாகவும் வெளிப்படலாம். அழுகிற மாணவிக்கு ஆறுதல் கிடைக்கிறது, மேசையைத் தட்டுகிற மாணவனுக்குத் தண்டனை கிடைக்கிறது; இருவருக்கும் ஒரே நோய் இருக்கக்கூடும். வகுப்பில் தூங்கி விழுவது, திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பது, கூடவே இருந்த நண்பர்களை விட்டு விலகுவது, நன்றாக எழுதியவர் விடைத்தாளைப் பாதியில் விடுவது, இவையெல்லாம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டிய குறிகள். வருகைப் பதிவேடும் விடைத்தாளும் ஆசிரியர் கையில்தானே இருக்கின்றன?

கேலியும் ஒப்பீடும் காயத்தை ஆழமாக்குகின்றன என்பதால்தான், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. தமிழக அரசும் 2017இல் பொதுத்தேர்வுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மாதத்தேர்வு மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் போகவில்லை.

'சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நாமே கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிட மாட்டோமா?' என்றும் எதிரணியினர் அஞ்சினார்கள். நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டும் முடிவு. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. அப்படி ஒரு பதில் வந்தால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே சொல்லி, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ நாட வேண்டும். பெற்றோரின் பங்கு அங்கே தொடங்குகிறது, நடுவர் அவர்களே. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் ஆள் ஆசிரியர்.