நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை

வணக்கம் நேயர்களே. இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். "வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். கேட்பது பெரும்பாலும் லோபரமைடு. டாக்டர் சீட்டு எங்கே என்றால் முகம் சுருங்கிவிடும்.

இந்த மாத்திரை கிருமியைக் கொல்லாது. குடலின் அசைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது மெல்ல நகர்வதால் தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், போக்கு குறையும். ராத்திரி பஸ்ஸில் போக வேண்டியவருக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் அடித்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ தொடவே கூடாது. வெளியேற வேண்டிய கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

ஒரு பாட்டி தன் மாத்திரையில் பாதியை உடைத்து, தேனில் குழைத்து, மூன்று வயதுப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் என்னிடம் வாயு மருந்து கேட்டு வந்தார். பேதி நின்றுவிட்டதாம். பையனின் வயிறோ உப்பி, தவில் மாதிரி இருந்தது. என்ன கொடுத்தீர்கள் என்றேன். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்தார். பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அவை அச்சடித்த பக்கம் எந்தக் கடைக்காரரின் டப்பாவில் கிடக்கிறதோ! உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, தேறிவிட்டான். சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்தால் குடல் அசையாமலே நின்றுபோகலாம். அவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசலும், டாக்டர் சொல்லும் துத்தநாக மருந்தும்தான்.

சரி, பெரியவர்களுக்கு? வழக்கமாக முதலில் 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அப்புறம் ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும் ஒன்று. டாக்டர் கவனிப்பில் இருந்தாலும் ஒரு நாளுக்கு எட்டுதான் உச்சம். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-இல் எச்சரித்தது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாளில் நிற்கவில்லையா, மாத்திரையை நிறுத்திவிட்டு அவரிடமே போங்கள்.

மாத்திரை போட்டாலும் போன தண்ணீர் திரும்பி வராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வேண்டாம். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். சின்னதில் 200 மில்லி என்றே அச்சடித்திருக்கும். கலக்கியதை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

அப்புறம், அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.